ஏபிஎஸ் ரத்தப் பரிசோதனை: "பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இங்கே சிங்கப்பூரில் இருக்கிறீர்களா?

செங்காங்_மீனா

எனக்கு இரண்டு முறை கலைந்துவிட்டது. ஒன்று எட்டாவது வாரம், இன்னொன்று பதினாலாவது வாரம். அதைப் பற்றி எழுத இன்னும் தெம்பு வரவில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏபிஎஸ் என்றால் ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம்: கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடி என்ற ரத்தப் புரதம் தவறாக நம் உடம்புக்கே எதிராக உருவாகி, ரத்தக்கட்டியும் கருச்சிதைவும் வரவைக்கிற நோய்.

இரண்டாவது கலைந்து இரண்டு மாதம் ஆனதும் ஆறு டியூப் ரத்தம் எடுத்தார்கள். என்ன என்ன பார்க்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வேலை முடிந்து வீட்டுக்குப் போக லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினேன். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் கைபேசியைத் திறந்தேன். செயலியில் "பரிசோதனை முடிவு வந்துள்ளது" என்று இருந்தது. தொட்டேன். லூபஸ் ஆன்டிகோகுலன்ட், பாசிட்டிவ். கீழே இன்னொரு ஆன்டிபாடி, கார்டியோலிபின் ஐஜிஜி வகை, 62, சிவப்பு எழுத்தில்.

எனக்குக் கண்ணில் பட்டது "லூபஸ்" என்ற ஒரே சொல்தான். என் சித்தி லூபஸில், எதிர்ப்புச்சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோயில், போனவர். முப்பத்து நாலு வயதில், முகமெல்லாம் வீங்கி, சிறுநீரகம் இரண்டும் போய். அந்த முகம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. செங்காங் போக வேண்டியவள் பொத்தோங் பாசிரிலேயே இறங்கிவிட்டேன். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை ரயிலை விட்டேன் என்று தெரியாது. கணவருக்குப் போன் போட்டேன், பேச்சு வரவில்லை. "எங்க இருக்க, எங்க இருக்க" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

டாக்டரைப் பார்க்க அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். அவர் நல்லவர், பொறுமையாகத்தான் பேசினார். "இது சந்தேகம் மட்டும்தான், நோய் என்று நான் இன்னும் எழுதவில்லை. பன்னிரண்டு வாரம் கழித்து அதே பரிசோதனைகளை மறுபடி எடுத்து, அப்போதும் இருந்தால்தான் ஏபிஎஸ் என்று சொல்வேன். அதுவரை கர்ப்பம் வேண்டாம்" என்றார். பீட்டா-2 என்று இன்னொரு ஆன்டிபாடியும் பார்த்திருக்கிறார்கள், அது நெகட்டிவ்.

இது ஐந்தாவது வாரம். இரவில் தூக்கம் இல்லை. இதே பன்னிரண்டு வாரத்தைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

துவாஸ்_வெல்டர்

அக்கா, நான் புதுக்கோட்டைப் பக்கம். ஒர்க் பெர்மிட். போன வருசம் எனக்கும் இதே டெஸ்ட்தான்.

இடது கால் கெண்டைச்சதை வீங்கிப்போச்சு. நின்னு வேலை பாக்குறதால வந்ததுன்னு நினைச்சு மூணு நாள் தைலம் தேச்சேன். நாலாம் நாள் டார்மிட்டரியில படி ஏற முடியல. ரூம்ல இருந்த அரியலூர் பையன்தான் டாக்ஸி புடிச்சுக் கூட்டிட்டுப் போனான். ஸ்கேன்ல தொடை வரைக்கும் ரத்தக்கட்டி. முப்பத்தொரு வயசு, சிகரெட் கிடையாது, குடும்பத்துல யாருக்கும் கிடையாது. ஏன் வந்துச்சுன்னு பாக்கத்தான் அந்த ஆன்டிபாடி டெஸ்ட்டெல்லாம் எடுத்தாங்க. கார்டியோலிபின்ல ஐஜிஎம்ங்கற வகை 28ன்னு வந்துச்சு, மத்ததெல்லாம் நெகட்டிவ். அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்துட்டுப் போயிருந்துச்சு.

டாக்டர் எனக்கும் பன்னெண்டு வாரம்தான் சொன்னாரு. அது கூடப் பரவால்ல. ஆபீஸ்ல கூப்பிட்டு உக்கார வச்சாங்க. அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "இது பெர்மனன்ட்டா?" எனக்குப் பதில் தெரியல. டாக்டருக்கே தெரியாது, இன்னொரு டெஸ்ட் எடுத்தாதான் தெரியும்னு சொன்னேன். அவர் தாளைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "டாக்டருக்கே தெரியாதுன்னா நான் எப்படி உன்னை மேல ஏத்துறது" அப்படின்னாரு. அதுல தப்பில்ல, மயக்கம் போட்டு விழுந்தா அவர்தான் பொறுப்பு. ஆனா அன்னிலேருந்து டூல் ஸ்டோர்ல உக்கார வச்சுட்டாங்க. ஓவர்டைம் கிடையாது. ஆஸ்பத்திரியில படுத்த செலவு இன்சூரன்ஸ்ல போயிரும், வெளிநோயாளியா போய் ஊசி குத்துற செலவு போகாது, கம்பெனிதான் கட்டணும். ஒவ்வொரு தடவையும் பில்லைக் கொண்டுபோய் நீட்டுறப்போ அந்தக் கவுண்டர் முகம் மாறும். ஊருக்கு அனுப்பிருவாங்களோன்னு தினம் பயம். வீட்ல தங்கச்சி கல்யாணக் கடன் மூணு லட்சம் பாக்கி.

ரெண்டாவது டெஸ்ட் நெகட்டிவ். காய்ச்சல் மாதிரி தொற்று வந்தா அந்த ஆன்டிபாடி கொஞ்ச நாளைக்கு ஏறிட்டு இறங்கிரும்னு டாக்டர் சொன்னாரு. மருந்தை எப்ப நிறுத்துறதுங்கறது வேற கணக்காம். மேனேஜர்கிட்ட அந்தத் தாளைக் காட்டினேன். "ஓகே"ன்னாரு. அவ்வளவுதான். மூணு மாசம் நான் பட்டதுக்கு ஒரு ஓகே.

தேக்கா_ராஜி

மீனா, நான் உன் அம்மா வயது. பயமுறுத்த இதை எழுதவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எனக்குள்ளேயே கிடக்கிறது, இங்கே இறக்கி வைக்கிறேன்.

1998. முதல் கர்ப்பம். எல்லாருக்கும் எடுக்கிற ரத்தம்தான். ஒரு வாரத்தில் கிளினிக்கிலிருந்து போன், இருவரும் வரவேண்டும் என்று. அந்தக் காலத்தில் வீட்டுப் போன்தான், எடுத்தது மாமியார். போனோம். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: விடிஆர்எல் பாசிட்டிவ். என்னவென்று எனக்குப் புரியவில்லை, என் கணவருக்குப் புரிந்துவிட்டது. மேகநோய்க்கு (சிஃபிலிஸ்) எடுக்கிற டெஸ்ட்.

பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை நானும் சந்தேகப்பட்டேன், மறைக்காமல் சொல்கிறேன். என்னை அவர் சந்தேகப்பட்டார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார், அவர் சொல்லிவிட்டார். அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் என் தட்டை மட்டும் மாமியார் தனியாக எடுத்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவினார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் மூன்று மாதம்.

பத்து நாள் கழித்து டிபிஹெச்ஏ என்று இன்னொரு பரிசோதனை வந்தது, நெகட்டிவ். "முதலில் வந்தது பொய் பாசிட்டிவ், மறந்துவிடுங்கள்" என்றார் டாக்டர். ஏன் பொய்யாக வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மறந்துவிடச் சொன்னது எங்கள் இருவரிடமும்தான், மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை. என் மகள் முப்பத்தைந்தாவது வாரத்தில் 1.9 கிலோவாகப் பிறந்தாள். அதற்குப் பிறகு இரண்டு நிற்கவில்லை. "அந்த நோயால்தான்" என்று வீட்டில் முணுமுணுப்பு.

2009இல், முப்பத்தெட்டு வயதில், தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது வலக்கை மரத்துப்போய்ப் பை கீழே விழுந்தது. பக்கவாதம், சிறியது. கை திரும்பிவிட்டது, கடவுள் புண்ணியம். இந்த வயதில் ஏன் என்று நரம்பியல் டாக்டரிடமிருந்து வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். வயதில் சின்னவர், சீனப் பெண். காகிதத்தைக்கூடப் புரட்டவில்லை, என்னைப் பார்த்து முதல் கேள்வியாகக் கேட்டார்: "கர்ப்பமாக இருந்தபோது எப்போதாவது சிஃபிலிஸ் டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்து, பிறகு இல்லை என்று சொன்னார்களா?"

என் கணவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்! பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது, எந்தத் தாளிலும் இல்லை. அவர் விளக்கினார். அந்தப் பழைய பரிசோதனையில் நோய்க்கிருமியையே தேடுவதில்லையாம். மாட்டு இதயத்திலிருந்து எடுத்த கார்டியோலிபின் என்ற கொழுப்போடு நம் ரத்தத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். மேகநோய் உள்ளவர்களின் ரத்தத்தில் அந்தக் கொழுப்புக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். ஏபிஎஸ் இருக்கிறவர்களின் ரத்தத்திலும் அதே மாதிரி இருக்கும். அதாவது 1998இலேயே என் ரத்தம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. கேட்டவர்களுக்கு அந்தப் பாஷை புரியவில்லை.

எனக்கும் ரத்தம் எடுத்து, பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். இரண்டு தடவையும் லூபஸ் ஆன்டிகோகுலன்ட், கார்டியோலிபின், பீட்டா-2 என்ற மூன்று பரிசோதனையும் பாசிட்டிவ். அன்றிலிருந்து வார்ஃபரின், ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை.

பொன்சேகர்

சகோதரி மீனா அவர்களுக்கு. பயப்படாதீர்கள். ஆனால் பன்னிரண்டு வாரம் காத்திருப்பதெல்லாம் அரசாங்க மருத்துவமனையில் கூட்டம் அதிகம் என்பதால் சொல்வது. எனக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவரோக்ஸபான் மாத்திரையில் இருந்தேன். லூபஸ் ஆன்டிகோகுலன்ட் பாசிட்டிவ் என்றார்கள். நான் காத்திருக்கவில்லை. நாலாவது வாரமே தனியார் ஆய்வகத்தில் நானூறு வெள்ளிக்கு மேல் கட்டிப் பார்த்தேன், மறுபடி பாசிட்டிவ். உறுதியாகிவிட்டது. மனசு நிம்மதி. உங்களுக்கும் அதையே சொல்கிறேன், பணத்தைப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, லூபஸ் என்று தாளில் வந்திருக்கிறது என்றால் லூபஸ் இருக்கிறது என்றுதான் அர்த்தம், டாக்டர்கள் நோயாளி மனசு நோகக்கூடாது என்று மெதுவாகச் சொல்வார்கள். உங்கள் சித்திக்கும் இருந்திருக்கிறது, அது குடும்ப வழி. உடனே சிறுநீரகம் பாருங்கள்.

மூன்றாவது உணவு. கீரை அறவே கூடாது. முருங்கைக்கீரை, பசலை, காய்லான், ஹாக்கர் கடையில் போடும் சாய்சிம் எல்லாம் நிறுத்துங்கள். பூண்டு தினமும் நாலு பல், பச்சையாக. இஞ்சி தேநீர். காலையில் நாற்பது நிமிடம் நடை, நான் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு சுற்று போகிறேன். விமானத்தில் ஊருக்குப் போனால் ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், கால் மேல் கால் போடக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இறுக்கமான காலுறை முஸ்தபா கடையில் கிடைக்கும், முழங்கால் வரை உள்ளதை வாங்குங்கள். கவலை கூடாது, கவலைப்பட்டால் ரத்தம் கெட்டியாகும். தம்பி துவாஸ் அவர்களுக்கும் இதையே சொல்கிறேன், நெகட்டிவ் என்று விட்டுவிடாதீர்கள், மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஈசூன்_அரவிந்த்

சேகர் அண்ணே, நல்ல மனசோடு சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்தத் துவாஸ் தம்பியைச் சும்மா விடுங்கள். அவர் ஏற்கெனவே போதுமான அளவு பயந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். அப்பாவுக்கு எழுபத்தொன்று, குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் ஏபிடிடி என்ற உறைவு நேரம் 68 வினாடி. ரத்தம் உறைய இவ்வளவு நேரம் ஆனால் மேசையிலேயே ரத்தம் நிற்காமல் போகும் என்று அறுவையைத் தள்ளிவைத்தார்கள். கட்டில் தலைமாட்டில் "ரத்தப்போக்கு அபாயம்" என்று மஞ்சள் அட்டை மாட்டினார்கள். மூன்று நாள். அப்பா வலியில் முனகினார். சென்னையிலிருந்து அண்ணன் போனில் கத்துகிறான், நான் நர்ஸிடம் கத்துகிறேன்.

மூன்றாம் நாள் மாலை ரத்தவியல் டாக்டர் வந்தார். அப்பாவின் ரத்தத்தில் லூபஸ் ஆன்டிகோகுலன்ட் இருக்கிறது, இவருக்கு ரத்தம் அதிகமாகப் போகாது, உள்ளே ரத்தக்கட்டிதான் வரும் என்று சொல்லிக்கொண்டே அந்த மஞ்சள் அட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் கண்ணில் இன்னும் அதுதான் நிற்கிறது. மறுநாள் அறுவை நடந்தது, ரத்தமும் அதிகம் போகவில்லை.

ஆனால் டியூபில் தாமதமாக உறைகிற ரத்தம் உடம்புக்குள் எப்படிச் சீக்கிரம் உறையும்? எனக்கு இன்றுவரை புரியவில்லை. பன்னிரண்டாவது வாரம் கூப்பிட்டார்கள். "இனிமேல் எனக்கு ஊசி வேண்டாம்டா" என்றார் அப்பா. நானும் வற்புறுத்தவில்லை. அது சரியா தப்பா என்று இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆய்வகத்து_உமா

நான் இந்த ஊர் மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில், ரத்த உறைவுப் பிரிவில், பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். நோயாளி யாரையும் பார்த்ததில்லை. டியூபைத்தான் பார்ப்பேன். இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சேகர் சார். கோபப்படாதீர்கள். லூபஸ் ஆன்டிகோகுலன்ட் என்ற பெயரில் இரண்டு தப்பு இருக்கிறது. முதன்முதலில் லூபஸ் நோயாளிகளிடம் பார்த்ததால் 1972இல் அந்தப் பெயர் வைத்தார்கள், அது ஒட்டிக்கொண்டது. இது இருக்கிறவர்களில் நிறையப் பேருக்கு லூபஸே கிடையாது. ஆன்டிகோகுலன்ட் என்றால் உறைவைத் தடுப்பது என்று அர்த்தம், அது டியூபுக்குள் மட்டும்தான் உண்மை. மீனா, உங்கள் சித்திக்கு இருந்த நோயையும் உங்கள் தாளில் இருக்கிற வரியையும் ஒன்றாக்கிப் பார்க்காதீர்கள். லூபஸ் இருக்கிறதா என்று டாக்டர் தனியாகப் பார்ப்பார், அதற்குப் பரிசோதனைகள் வேறு.

அரவிந்த் கேட்டதற்கு. ரத்தம் உறைவதற்குப் பாஸ்போலிபிட் என்ற கொழுப்பு ஒரு மேடை மாதிரி வேண்டும். டியூபில் அந்தக் கொழுப்பை நாங்கள்தான் ஊற்றுகிறோம், அளந்து, மிகக் கொஞ்சமாக. உங்கள் அப்பாவின் ஆன்டிபாடி போய் அந்த மேடையில் உட்கார்ந்துகொண்டால் உறைவுப் புரதங்களுக்கு இடம் கிடைக்காது, நேரம் இழுக்கும். உடம்புக்குள் நிலைமை வேறு. அங்கே அதே ஆன்டிபாடி ரத்தக்குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் தூண்டிவிடுகிறது, அதனால் கட்டி வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க நாங்கள் முக்கியமாகப் பயன்படுத்துவது எது தெரியுமா? கண்ணாடி விரியன் விஷம். நம் ஊர் வயல்வரப்பில் கிடக்கிற அதே பாம்புதான். சோழமண்டலக் கரைப் பாம்புகளை 1790களில் ஆராய்ந்து எழுதிய பேட்ரிக் ரஸ்ஸல் பெயரில் ஆங்கிலத்தில் ரஸ்ஸல் விரியன் என்பார்கள், பரிசோதனைக்கும் அவர் பெயர்தான். அந்த விஷம் உறைவுச் சங்கிலியின் நடுவில் இருக்கிற பத்தாம் காரணி என்ற புரதத்தை நேராகத் தட்டி எழுப்பும். ஆரோக்கியமான ரத்தம் உடனே உறையும். இந்த ஆன்டிபாடி இருந்தால் தாமதிக்கும். அப்போது ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, பாதிக்குப் பாதி கலக்கிறோம். ஏதாவது காரணி குறைந்திருந்தால் இதிலேயே சரியாகிவிடும். தடுக்கிற பொருள் இருந்தால் கலந்தாலும் சரியாகாது. கடைசியில் கொழுப்பை அதிகமாக ஊற்றுகிறோம். ஆன்டிபாடி முழுவதும் அதில் போய் அடங்கி நேரம் குறைந்தால்தான் லூபஸ் ஆன்டிகோகுலன்ட் என்று எழுதுகிறோம். என் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம், வயலில் விரியன் கடித்துப் போனவர். நான் தினமும் காலையில் அந்த விஷப் புட்டியைத்தான் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கிறேன்.

பன்னிரண்டு வாரம் என்பது கூட்டத்தால் வந்தது இல்லை, சார். 1999இல் வகுத்த விதியில் ஆறு வாரம் என்று இருந்தது. தொற்றால் ஏறுகிற ஆன்டிபாடி ஆறு வாரத்தில் இறங்காமல் இருந்து ஆட்களை ஏமாற்றக்கூடும் என்பதால் 2006இல் வந்த திருத்தத்தில் பன்னிரண்டாக்கினார்கள். துவாஸ் தம்பி மாதிரி ஆட்களைக் காப்பாற்றத்தான் அது. தம்பி, உங்கள் 28 என்ற எண் குறைந்த அளவு. 40க்கு மேல் இருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள், அதிலும் ஐஜிஎம் மட்டும் தனியாக வந்தால் அதற்கு மதிப்பு இன்னும் குறைவு. கட்டி புதிதாக வந்திருக்கிற நேரத்தில் எடுக்கிற ரத்தமும் அவ்வளவு நம்பகமில்லை.

சேகர் சார், இன்னொன்று. ரிவரோக்ஸபான் தடுப்பதே அந்தப் பத்தாம் காரணியைத்தான். மாத்திரை ரத்தத்தில் இருக்கும்போது விரியன் பரிசோதனை எடுத்தால் ஆன்டிபாடி இல்லாமலேயே பாசிட்டிவ் மாதிரி வரும். உறைவைத் தடுக்கிற ஹெப்பாரின் ஊசி, வார்ஃபரின் இரண்டும் குழப்பும். நீங்கள் ரத்தம் கொடுத்தது மாத்திரை போட்ட பிறகா? தயவுசெய்து உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஒரு வேளைகூட. இன்னொரு காரணமும் இருக்கிறது: உண்மையிலேயே மூன்று பரிசோதனையும் பாசிட்டிவாக இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை சரிப்படவில்லை. இத்தாலியில் 120 பேரை வைத்து நடத்திய ஆய்வில் வார்ஃபரினைவிட ரிவரோக்ஸபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் அதிகமாக வந்ததால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2018இல் வெளியானது. அதனால் பாசிட்டிவ் உண்மையா பொய்யா என்பது உங்களுக்கு மாத்திரையையே மாற்றுகிற விஷயம். கீரையும் அறவே கூடாது என்பதில்லை. வார்ஃபரின் எடுப்பவர் வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ரிவரோக்ஸபானுக்குக் கீரைக் கணக்கே கிடையாது. பச்சைப் பூண்டை மருந்து மாதிரி தினமும் தின்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

நிறைய எழுதிவிட்டேன். என் கதை சின்னது. உறைவுப் பரிசோதனைக்கு நீலமூடி டியூப். உள்ளே சிட்ரேட் திரவம் இருக்கும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. அதனால் கோடு வரை நிரம்ப வேண்டும். குறைந்தால் கணக்கு மாறி முடிவு பொய்யாகிவிடும். ஒரு நாள் பாதி நிரம்பிய டியூப் வந்தது. விதிப்படி நிராகரித்தேன். அதே ஆளுக்கு மறுநாளும் வந்தது, அதுவும் பாதி. அதையும் நிராகரித்தேன். மூன்றாவது முறை வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்தார்: "சிஸ்டர், இந்த அம்மாவுக்கு நரம்பே கிடைக்கவில்லை, இரண்டு கையும் கறுத்துப்போய்விட்டது, அழுகிறார்கள்." போனில் பின்னால் அந்த அம்மா தமிழில் "போதும்மா, போதும்மா" என்பது எனக்குக் கேட்டது. "கோடு வரை வேண்டும்" என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? பொய்யான முடிவை அனுப்ப முடியாது. ஆனால் அந்தக் குரல் போகவில்லை.

பொன்சேகர்

உமா அவர்களுக்கு. மாத்திரை காலை எட்டு மணிக்கு இரவு உணவின் மீதியோடு போட்டேன். ஒன்பதரைக்கு ரத்தம் கொடுத்தேன். இரண்டு முறையும் அப்படித்தான். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று அந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினாலு மாதமாக எனக்கு ஏபிஎஸ் இருக்கிறது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி வற்புறுத்தினேன், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்.

வியாழக்கிழமை டாக்டரிடம் முன்பதிவு செய்திருக்கிறேன். நீங்கள் எழுதியதை அச்செடுத்துக்கொண்டு போகலாமா?

ஆய்வகத்து_உமா

என் எழுத்து வேண்டாம் சார். மாத்திரைப் பெயர், போட்ட நேரம், ரத்தம் கொடுத்த நேரம், இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரையின் பாதிப்பை நீக்கிவிட்டுப் பார்க்கிற வழிகளும் ஆய்வகத்தில் உண்டு. கார்டியோலிபினும் பீட்டா-2வும் மாத்திரையால் மாறாது, அவை என்ன வந்தது என்றும் கேளுங்கள்.

ஜூரோங்_பாத்திமா

மீனா, இரண்டாவது டெஸ்டும் பாசிட்டிவ் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை. எனக்கு வந்தது. மூன்று கலைந்த பிறகு, இரண்டு முறையும் பாசிட்டிவ். அன்று அழுதேன், ஆனால் பாதி நிம்மதியில் அழுதேன். என் உடம்பு குழந்தையைத் தள்ளுகிறது, நான்தான் பாவி என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்ததும் மருந்தும் கிடைத்தது. குறைந்த அளவு ஆஸ்பிரின், கர்ப்பம் உறுதியானதும் தினமும் வயிற்றில், ரத்தக்கட்டி வராமல் தடுக்கிற கிளெக்ஸேன் ஊசி.

மருந்தகக் கவுண்டரில் இருந்தது ஒரு மலாய்ப் பெண். பெட்டியைக் கொடுக்காமல் என் முக்காட்டைப் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "கக்கா (அக்கா), இது பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. தெரிந்துகொண்டு எடுங்கள்." டாக்டர் சொல்லவில்லை, அவர் சொன்னார். வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் பள்ளிவாசல் இமாமிடம் போனார். "இதே வேலையைச் செய்கிற வேறு மருந்து உன் மனைவிக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேள். இல்லையென்றால் தயங்காதே, உயிர் முந்தியது" என்றாராம். டாக்டரிடம் கேட்டோம். கர்ப்பத்தில் நன்றாகப் பழகிய மருந்து இதுதான், வார்ஃபரின் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றார். மறுநாள் போனேன். அதே பெண்தான் இருந்தார். பெட்டியைக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார்.

இருநூற்றுச் சொச்சம் ஊசி. வயிறு முழுக்கப் பச்சை நீலம். முப்பத்தேழாவது வாரம் மகன் பிறந்தான், அல்ஹம்துலில்லாஹ். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதே மீனா, தேய்த்தால் இன்னும் கறுக்கும். இது உனக்குத் தேவைப்படாமலே போகட்டும்.

துவாஸ்_வெல்டர்

உமா அக்கா, அந்த 40 கணக்கு எங்க மேனேஜருக்குப் புரியற மாதிரி தாள்லயே போட்டிருந்தா நான் மேல ஏறியிருப்பேன். பாசிட்டிவ்னு மட்டும்தான் போட்டிருந்துச்சு. பக்கத்துல சின்னதா ஆங்கிலத்துல என்னமோ இருந்துச்சு, "மறுபடி பார்க்கவும்"னு. அதை யாரும் படிக்கல.

செங்காங்_மீனா

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை படித்தேன். உமா அக்கா எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். விரியன் பாம்பு என்றதும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ராஜி அக்கா, ஒன்று கேட்கலாமா? அந்தச் சீன டாக்டர் கேள்வி கேட்டபோது உங்கள் கணவர் என்ன சொன்னார்?

தேக்கா_ராஜி

ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் பதிலுக்குக் காத்திருந்தார், எனக்கு வாய் வரவில்லை. அவர்தான் "யெஸ்" என்றார். வீட்டுக்குப் போனதும் நேராகத் தன் அம்மா அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமியாருக்கு அப்போது எண்பது வயது, படுக்கையில் இருந்தார். உள்ளே கணவர் என்ன பேசினார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. இரவு மாமியார் என்னைக் கூப்பிட்டு, தன் தட்டில் இருந்த இட்லியைப் பிட்டு என் வாயருகே நீட்டினார். கை நடுங்கியது. நான் வாங்கிக்கொண்டேன்.

செங்காங்_மீனா

பதின்மூன்றாவது வாரம். இன்று காலை ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். நீலமூடி டியூபைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு வரை நிரம்பியது, உமா அக்கா. ரத்தம் எடுத்த பிலிப்பினோ நர்ஸிடம் "வேறு மாத்திரை எதுவும் எடுக்கவில்லை, காய்ச்சல் வரவில்லை" என்று அவர் கேட்காமலே சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

டாக்டரைப் பார்க்க இன்னும் பதினாறு நாள். செயலியில் அறிவிப்பு வருவதை நிறுத்திவிட்டேன். கணவர் கைபேசியிலும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.